பௌர்ணமிக்கு அடுப்பு கீழே இறங்கும்

ஓய்வு பெற்றவன் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும் என்று எங்கள் கேஸ் ஏஜென்சியில் சிலர் நினைக்கிறார்கள். தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும்.

போன வாரம் வீட்டு அடுப்புக்கு ட்யூப் வாங்க அங்கே போயிருந்தேன். வாழ்நாளில் பாதியை மெக்கானிக்காகக் கழித்த இடம் அது. புதிதாகச் சேர்ந்த மெக்கானிக்குகள் இரண்டு பேர் கையில் போனோடு உட்கார்ந்திருந்தார்கள். வீடு வீடாகப் போய் அடுப்பையும் சிலிண்டரையும் சோதிக்கிற வேலை இப்போது அந்தப் போனுக்குள் போய்விட்டதாம். கேள்வி வரும், ஆமாம் இல்லை என்று தட்ட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், வேலை முடிந்தது.

"வூட்டுல சின்னக் குழந்தை இருக்கான்னு அதுல ஒரு கேள்வி இருக்காப்பா?" என்று கேட்டேன்.

"அது எதுக்குண்ணா? குழந்தை பேர்லயா கனெக்‌ஷன் குடுக்கப் போறோம்?" என்றான் ஒருவன்.

நானும் சிரித்துவிட்டேன். யார் வாயிலிருந்து நல்ல பேச்சு வந்தாலும் எனக்குப் பிடிக்கும், அது என்னையே குத்தினாலும் சரி. அப்புறம் இன்னொருவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அண்ணா, உங்களைப் பத்தி இங்க ஒரு கதை ஓடுது. அடி அண்ணாமலையில ஒரு வூட்டு வாசல்ல, இத்தனை பேர் பார்க்க, யூனிஃபார்மோட தவழ்ந்தீங்களாமே?"

ஆமாம், தவழ்ந்தேன். ஏன் தவழ்ந்தேன் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால் எழுதி வைக்கிறேன்.

எனக்குப் பெயர் ஏழுமலை. கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பம். படிப்பு ஏறவில்லை, டவுனுக்கு வந்து சிலிண்டர் ஏற்றி இறக்கினேன். மெக்கானிக்கின் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் அவருக்கு உடம்பு முடியாமல் போக, நான் தனியாகப் போனேன். அவ்வளவுதான் என் பயிற்சி.

வேலை இப்படி இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் கை எதையும் தொடாது, முதலில் மூக்குதான். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் தங்கும். ஆகவே குனிந்து முகர வேண்டும். அப்புறம் ட்யூபை விரலில் வளைத்துப் பார்ப்பேன். வெடிப்பு இருந்தால் வளைவில் பல்லைக் காட்டிவிடும். ரெகுலேட்டரைக் கழற்றி உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைப் பார்ப்பேன். சோப்பு நுரையை மூட்டில் தடவிவிட்டுக் காத்திருப்பேன். குமிழி விட்டால் கசிவு. சிலிண்டர் நிமிர்ந்து தரையில் நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் மேடைமேல் இருக்க வேண்டும், ட்யூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது.

இவ்வளவும் ஏஜென்சிக்காகச் செய்தது. இதற்கு மேல் ஒன்று செய்வேன், அது எனக்காக. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், சமையலறைத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

நின்றுகொண்டு பார்த்தால் எல்லாச் சமையலறையும் ஒழுங்காகத்தான் தெரியும். உட்கார்ந்து பாருங்கள், அது வேறு வீடு. மேடைக்கு அடியில் தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெய், மூடி கூடச் சரியாகத் திருகியிருக்காது. அதன் பக்கத்தில் பாத்ரூம் கழுவுகிற ஆசிட். கடலை மூட்டைக்கு எலி வருகிறது என்று மருந்து தடவிய வடைத் துண்டு. மேலே அண்ணாந்தால் வாணலியின் பிடி மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வா வந்து பிடி என்கிற மாதிரி. ஆசிரமம் பக்கம் வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற அறைகளில் பிளக் எல்லாம் முழங்கால் உயரத்தில், அதில் சொருகிய கொசு மருந்து சரியாகக் குழந்தையின் வாய்க்கு நேராக.

எடுத்துச் சொன்னால் பதில் தயாராக இருக்கும். "எட்டாதுப்பா." "எங்க புள்ள அடக்கம், எதையும் தொடாது." "சூடுன்னா அவனுக்கே தெரியும், கிட்ட வர மாட்டான்." எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு, அதை ஒவ்வொரு தெருவிலும் கேட்டிருக்கிறேன்: "அது பாட்டுக்கு விளையாடுது." இந்த மூன்று வார்த்தைக்கு நான் பயப்படுகிற அளவுக்குக் கசிவுக்கே பயந்ததில்லை.

எங்கள் மேனேஜர் தயாளன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாதாரண நாளில் என்னை "ஏழுமலை" என்பார். கோபம் வந்தால் "ஏழுமலை சார்" என்பார். கோபம் ஜாஸ்தியாக இருந்தால் எழுந்து நாற்காலியையும் இழுத்துப் போடுவார். அதில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது பாதியாகிவிடுவான்.

"ஏழுமலை சார், உட்காருங்க. கேஸ் பார்க்க வந்த ஆளு எங்க வூட்டுக் கட்டிலுக்கு அடியில டார்ச் அடிக்கிறான்னு ஒரு அம்மா போன் பண்றாங்க. கட்டிலுக்கு அடியில கேஸ் அடுப்பு இருந்துதுங்களா சார்?"

"எலி மருந்து இருந்துது சார்."

கண்ணாடியைக் கழற்றி, கர்சீப்பை நாலாக மடித்து, நிதானமாகத் துடைப்பார். "நாம விக்கறது கேஸு சார். குழந்தை வளர்க்கறது இல்ல."

நான் தலையாட்டுவேன். மறுநாள் அடுத்த வீட்டில் உட்காருவேன். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது, அடி அண்ணாமலையில் பச்சையம்மா வீட்டுக்குப் போகிறவரைக்கும்.

கிரிவலப் பாதை மேலேயே வீடு. பச்சையம்மாவுக்கு என்னைவிட வயது கொஞ்சம் ஜாஸ்தி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வாசலில் சுடச்சுடப் பால் காய்ச்சி விற்பார். மகன் சேகர் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவன். மருமகள் கஸ்தூரி எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பெண். குழந்தை யாழினி அப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தது.

சமையலறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடப்பாக்கல் மேடை, அதன்மேல் அடுப்பு, மண்ணெண்ணெய், ஆசிட் எல்லாம் பரண்மேல். கஸ்தூரியின் வேலை. ஆனால் ட்யூப் மட்டும் சுருட்டிச் சுருட்டி மூலையில் கிடந்தது.

"எதுக்குக்கா இவ்ளோ நீளம்?"

"பௌர்ணமிக்கு அடுப்பு கீழ எறங்கும்பா. சிலிண்டர் இங்கியே நிக்கும். ட்யூபை ஜன்னல் வழியா வுட்டு, அடுப்பை வாசத் தரையில வெச்சுக்குவேன்."

"மேடை போட்டு மேல வைக்கலாமில்ல?"

"வெச்சா நான் நின்னுகினே கெடக்கணும். முட்டி போயிடும். ஒக்காந்து காய்ச்சினாதான் பாலு கைக்கு அடங்கும்."

"குழந்தை இருக்கேக்கா."

"அது பாட்டுக்கு வெளையாடும். மாசத்துல ஒரு நாளு தானப்பா!"

பையிலிருந்து கத்தியை எடுத்தேன். ஒன்றரை மீட்டர் விட்டு மீதியை வெட்டிச் சுருட்டி என் பையில் போட்டுக்கொண்டேன். பச்சையம்மாவுக்கு முதலில் வாயடைத்துப் போயிற்று. அப்புறம் திறந்தது பாருங்கள்! "யோவ் கேஸ்காரே, உன் வூட்டு ட்யூபாய்யா அது? உங்கப்பன் வூட்டுச் சீதனமா?" நான் சைக்கிளை மிதித்து ஏஜென்சிக்கு வருவதற்குள் போன் வந்துவிட்டது. நாற்காலியும் வெளியே வந்துவிட்டது.

"ஏழுமலை சார், உட்காருங்க. வாசல்ல அடுப்பு எறங்குதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சா எனக்கும் தெரிஞ்சிடும். எனக்குத் தெரிஞ்சா, வீட்டு சிலிண்டர்ல வியாபாரம்னு கனெக்‌ஷனை நிறுத்தணும். அந்தப் பாதையில எத்தனை வூட்டுக்கு நிறுத்துவேன் சொல்லுங்க? அதனால உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இனிமே அந்த வூட்டுக்கு நீங்க போக வேணாம்."

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த நாலு பானைப் பாலை நம்பித்தான் அந்த வீடுகளில் பிள்ளைக்குப் புத்தகம், துணிமணி எல்லாம். ஆனால் "உங்களுக்கும் தெரியாது" என்றாரே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தெரிந்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

பச்சையம்மா கடைத்தெருவில் வேறு நீள ட்யூப் வாங்கிக்கொண்டார். அடுத்த பௌர்ணமி அன்று பொழுது சாயும் முன்பே அடுப்பு வாசலில் இறங்கிவிட்டது. நடந்ததைக் கஸ்தூரி பின்னால் என்னிடம் சொன்னாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. சேகர் பால் கேன் எடுக்கப் போயிருந்தான். கஸ்தூரி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். பச்சையம்மா ஒருவருக்குப் பால் ஆற்றிக்கொண்டே இன்னொருவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். குண்டானை இறக்குவதற்கான பிடிதுணி அதன் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. யாழினி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது.

பால் இடது கையிலும் தோளிலும் கொட்டியது.

கஸ்தூரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போய்க் குழாயடியில் கையைக் காட்டினாள். "தண்ணி ஊத்தாதடி, கொப்பளிச்சிக்கும்! மாவைக் கொண்டாந்து பூசு!" என்று மாமியார் கத்த, சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று சொல்ல, அவள் யார் பேச்சையும் கேட்காமல் குழாயை நிறுத்தாமல் வைத்திருந்தாள். பிறகு சுத்தமான வெள்ளைத் துணியை ஈரத்தோடு சுற்றி ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். தண்ணீர் ஊற்றியது நல்லதாயிற்று, மாவு எதுவும் பூசாமல் கொண்டுவந்தீர்களே என்று அங்கே டாக்டர் சொன்னாராம். வீட்டில் அது எடுபடவில்லை. "தண்ணி ஊத்தியே புண்ணாக்கிட்டா" என்றுதான் பேச்சு.

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் போனேன். போகக் கூடாது என்ற உத்தரவு நினைவிருந்தது. இருந்தும் போனேன்.

வாசலில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். கஸ்தூரியின் அப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் ஒரு துணிப்பை. பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. பெண்ணை அப்பாவோடு அனுப்பிவிடுவது, குழந்தையை இங்கேயே வைத்துக்கொள்வது. உள்ளே அறையில் கஸ்தூரி கட்டுப் போட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள்.

"வாய்யா, நீயே வந்தியா, நல்லதாப் போச்சு" என்றார் பச்சையம்மா. "கேளுங்க எல்லாரும். வூட்டை அக்குவேறா ஆணிவேறா அலசிப் பார்த்த ஆளு. சொல்லுப்பா, சமையக்கட்டுல எதாவது குத்தம் இருந்துதா?"

"இல்லக்கா. எல்லாம் சரியா இருந்துது."

"கேட்டுகினீங்களா? வூடு சரி. அப்போ இன்னா சரியில்ல? பெத்தவ கண்ணு சரியில்ல. ஒரு புள்ளையப் பார்த்துக்கத் துப்பில்லாதவ எதுக்கு இங்க?"

என் வாயாலேயே அந்தப் பெண்ணுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். சேகர் நிமிரவில்லை. அப்பாக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். எனக்குச் சண்டைக்கு நிற்கத்தான் தோன்றியது. ஆனால் இந்த மாதிரி இடத்தில் நியாயம் பேசினால் யார் காதிலும் ஏறாது என்பதும் தெரியும்.

"அக்கா, அந்த அடுப்பைக் கொஞ்சம் வெளிய கொண்டாரச் சொல்லுங்க. குண்டானையும்" என்றேன்.

"எதுக்கு?"

"வேலை இருக்கு."

அடுப்பைப் பௌர்ணமி அன்று இருந்த இடத்திலேயே தரையில் வைக்கச் சொன்னேன். ட்யூப் இல்லை, நெருப்பு இல்லை. குண்டான் நிறையப் பச்சைத் தண்ணீர். விளிம்பில் அதே பிடிதுணி. பச்சையம்மாவை அவர் இடத்தில் உட்கார வைத்தேன். சொந்தக்காரர்களைப் பார்த்து, "நீங்கள்லாம் கிரிவலம் வந்தவங்க. அக்காகிட்ட பால் கேளுங்க" என்றேன்.

"நீ யாருய்யா?" என்றார் பச்சையம்மா.

"நான் யாழினி. என்னைப் பார்த்துக்கறது உங்க வேலை" என்று சொல்லிவிட்டு, நீல யூனிஃபார்மோடு கையையும் முட்டியையும் தரையில் ஊன்றினேன்.

எழுந்த சிரிப்பு இருக்கிறதே! "இன்னா கேஸ்காரே, கேஸு மண்டைக்கு ஏறிடுச்சா?" என்றது ஒரு குரல். "மீசை வெச்ச பாப்பா, பால் குடு அதுக்கு!" என்றது இன்னொன்று. நான் தவழ்ந்தேன்.

முதலில் பச்சையம்மா என்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. கிரிவலக்காரர்கள் சும்மா விடுவார்களா? "யம்மா, ரெண்டு பாலு!" "எவ்ளோ நேரம் நிக்கிறது, வியாபாரம் பண்றியா பொம்மை பார்க்கிறியா?" "சக்கரை கம்மியாப் போடு!" "பாத்ரூம் எங்கம்மா?" உண்மையான பௌர்ணமிகூட இவ்வளவு அழகாக இருந்திருக்காது. பச்சையம்மா டம்ளரில் மொண்டு ஒருவரிடம் நீட்டினார். நான் துணியைப் பிடித்து எழுந்து நின்றேன். குண்டான் சாய்ந்து தண்ணீர் அவர் மடியிலும் காலிலும் கொட்டியது.

வாசலே அதிர்ந்தது. பச்சையம்மா சிரிக்கவில்லை. "இரு. இன்னொரு வாட்டி வாய்யா" என்றார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

மறுபடி தண்ணீர் நிரப்பினார்கள். இந்த முறை ஒரு கையால் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். ஒரு கையால் பால் ஆற்ற முடியுமா? விட்டார். கொட்டியது. மறுபடி, "இந்தா, இங்கியே ஒக்காரு, நவுரக் கூடாது" என்று அதட்டினார். உட்கார்ந்தேன். வழி கேட்டவருக்குக் கையை நீட்டிக் காட்டினார். கொட்டியது. அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. பால் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

"அக்கா, உங்க கண்ணு நல்ல கண்ணு. சண்டைக்கு நின்ன கண்ணு. அதுக்கே முடியல" என்றேன். முட்டியில் இன்னும் ஊன்றித்தான் இருந்தேன். "அடுப்பு உள்ள மேடை மேல இருந்தவரைக்கும் கஸ்தூரிகிட்ட இந்தக் குழந்தைக்கு ஒரு கீறல் விழுந்துதா? அடுப்பைக் கீழ எறக்கினது அவ இல்ல."

சேகர் முதல் தடவையாக நிமிர்ந்தான். "அம்மா, நாந்தான் எறக்கினேன்" என்றான்.

பச்சையம்மா எழுந்தார். நனைந்த புடவையைப் பிழிந்தார். தண்ணீர் சொட்டும் தன் பாதங்களைப் பார்த்தார். அப்புறம் கஸ்தூரியின் அப்பாவிடம், "சாப்ட்டுட்டுப் போங்க சம்பந்தி" என்றார். உள்ளே பார்த்து, "ஏ கஸ்தூரி, இந்தப் பையை எடுத்து உள்ள வெச்சுட்டு இலையைப் போடு" என்றார்.

அப்பாக்காரர் தனியாகத்தான் திரும்பிப் போகப் போகிறார் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பையை எடுத்துக் கொடுப்பதற்குள் இரண்டு தரம் நழுவவிட்டார்.

பச்சையம்மா என் பக்கம் திரும்பி, "உன்ன மாதிரி தடிப் புள்ளைய எவளாலயும் பார்த்துக்க முடியாதுய்யா. நீயும் சாப்ட்டுட்டுப் போ" என்றார். அந்த வீட்டுச் சோற்றின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

ஏஜென்சியில் நாற்காலி காத்திருந்தது. போகக் கூடாது என்ற வீட்டுக்குப் போனது, யூனிஃபார்மில் தெருவில் தவழ்ந்தது. "ஏழுமலை சார், இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார் தயாளன்.

"மறுபடி நடந்தா மறுபடி தவழ்வேன் சார்."

சிலிண்டர் குடோனுக்கு மாற்றினார். சமையலறைப் பக்கமே போகாமல் பாரம் எண்ணிக்கொண்டு கிடந்தேன். சரியான ஆள் கிடைக்காமல் அவரே திரும்பக் கூப்பிடுகிறவரைக்கும் இருந்தேன், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அவரும் என் வழிக்கு வரவில்லை. ஓய்வு பெற்ற அன்று மாலையைப் போட்டுவிட்டு, "இனிமேலாவது அடுத்தவங்க கட்டிலுக்கு அடியில பார்க்காதீங்க சார்" என்றார். கடைசிவரை 'சார்' போட வைத்தேன், அதில் எனக்குப் பெருமைதான்.

பார்த்துக்கொள், பார்த்துக்கொள் என்று பெற்றவளிடம் சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நான் அதைக் கேட்டால் இன்றைக்கும் சண்டைக்குத்தான் போவேன். அவளுக்கு இருப்பது இரண்டு கண். அதையும் அவ்வப்போது சிமிட்ட வேண்டியிருக்கிறது. துணியை எடுத்து மேலே போடுங்கள், பாட்டிலைப் பரணில் ஏற்றுங்கள், அடுப்பைத் தூக்கி வையுங்கள். அதற்குப் பிறகு அவளைக் குறை சொல்ல வாருங்கள், பேசலாம்.

பச்சையம்மா வாசலில் இப்போது இடுப்பளவு செங்கல் மேடை. சிலிண்டரும் கடைக்குரிய பெரிய சிலிண்டர். முட்டிக்கு இதமாக உயரமான ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் பால் காய்ச்சுகிறார். யாழினி பள்ளிக்கூடம் விட்டு வந்து டம்ளர் நீட்டுகிறாள். இடது கையில் அந்தத் தழும்பு இருக்கிறது, மறைப்பதில்லை.

போன பௌர்ணமி அன்று வெயில் தாழ்ந்ததும் வழக்கம்போல அந்தப் பாதையில் ஒரு நடை போனேன். பச்சையம்மா வீட்டுக்கு நாலு வீடு தள்ளிப் புதிதாகக் குடிவந்தவர்கள். தரையில் அடுப்பு, அதில் எண்ணெய்ச் சட்டி, அந்த வீட்டுக்காரியின் இடுப்பில் நிற்காமல் நெளிகிற ஒரு குழந்தை. நான் போய் அடுப்புக்கும் குழந்தைக்கும் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

"யோவ் பெருசு, எழுந்திரு! வியாபார நேரம்" என்றான் அந்த வீட்டுக்காரன்.

"அடுப்பு எழுந்தா நானும் எழுவேன்."

"நீ யாருய்யா சொல்றதுக்கு? கேஸ் கம்பெனியா?"

"அங்கேருந்து அனுப்பிட்டாங்க. அதனாலதான் இப்போ யாராலயும் என்னை ஒண்ணும் பண்ண முடியாது."

கூட்டம் சேர்ந்தது. அவன் கையை ஓங்காத குறை. அப்போது யாழினி டம்ளர் தட்டோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், அவனிடம் சொன்னாள்: "அண்ணா, மாமா எழுந்திருக்க மாட்டாரு. அடுப்பைத் தூக்கிடுங்க, அதான் சுலபம்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எண்ணெய்ச் சட்டியை இறக்கினார்கள். உள்ளேயிருந்து பெஞ்சு வந்தது, அடுப்பு அதன்மேல் ஏறியது. எனக்குத்தான் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முட்டி.